தங்கம் தீர்ந்த பின் தங்கவயல்

(மைசூர் விஜயநகரில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மைசூர் நகரின் வடமேற்கில் அமைந்த விஜயநகரில் மாலை நேரத்தில் தெருவிளக்குகள் எரியத் தொடங்கும்போது, இம்மாநிலத்தில் மின்சாரம் முதன்முதலில் எதற்காக உற்பத்தி செய்யப்பட்டது என்ற வினா எவருக்கும் எழுவதில்லை. காவிரி ஆற்றின் சிவசமுத்திர அருவியில் 1902ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நீர்மின் நிலையம் வீடுகளுக்கு ஒளி தருவதற்காகக் கட்டப்பட்டதன்று. அதன் மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பிகளில் பயணம் செய்து கோலார் தங்கவயலைச் சென்றடைந்தது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் அதுவும் ஒன்றாகும். சுரங்கத்தின் தேவை நிறைவேறிய பின்னரே 1905இல் பெங்களூரும் 1908இல் மைசூரும் மின்னொளி பெற்றன. விஜயநகருக்கு அருகே செல்லும் சாலை சென்றடையும் கிருஷ்ணராஜ சாகர் அணையைக் கட்டுவதற்குக் கூறப்பட்ட காரணங்களுள்ளும், சிவசமுத்திரத்திற்கு ஆண்டு முழுவதும் சீராக நீர் அளித்துத் தங்கச் சுரங்கங்களுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெருக்குவது ஒன்றாக இருந்தது.

ஆகவே, கோலார் தங்கவயலின் வரலாறு அவ்வூர் மக்களின் வரலாறு மட்டுமன்று. மைசூர் மாநிலம் தொழில் வளர்ச்சியில் அடியெடுத்து வைத்த வரலாறும் ஆகும். வளர்ச்சிக்கு வித்திட்ட அந்தச் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டன. கனிமம் தீர்ந்துபோகும் தன்மையுடையது. அதனை எடுக்க வந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்பவர்கள். இவ்விரண்டிற்கும் இடையிலான முரண்பாட்டை எவ்வாறு தீர்ப்பது என்பதே செம்பு, தங்கம், நிலக்கரி ஆகிய எந்தக் கனிமத்தை நம்பியிருக்கும் வளரும் நாட்டுக்கும் உரிய வினா. அதற்கு விடை தேடுவோர் நேரில் சென்று காணவேண்டிய இடம் கோலார் தங்கவயல்.

பயணி காணும் ஊர்

பெங்களூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் தங்கவயல் உள்ளது. பங்காருப்பேட்டையில் பிரியும் கிளை இருப்புப்பாதை கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் ரீஃப்ஸ் ஆகிய நிலையங்களைக் கடந்து மாரிக்குப்பத்தில் முடிவடைகிறது. வண்டியின் சன்னலிலிருந்து முதலில் தென்படுபவை சாம்பல் நிறத்தில் உச்சி தட்டையாக நிற்கும் மேடுகள். புதியவர் அவற்றை இயற்கையான குன்றுகள் என்றே எண்ணுவார். தாதுப் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கழிவு மணல் அது. ஊர் மக்கள் அதனைச் சயனைடு மேடு என்று அழைக்கின்றனர். இத்தகைய 13 மேடுகளில் ஏறத்தாழ 3.3 கோடி டன் மணல் குவிந்துள்ளது.

மேடுகளுக்கு அப்பால், சுரங்கக் கூண்டுகளை இறக்கவும் ஏற்றவும் பயன்பட்ட இரும்புக் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி இருவேறு உலகங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒன்றில் அகன்ற தோட்டங்களுடன் கூடிய பங்களாக்களும் மன்றக் கட்டிடமும் தேவாலயங்களும் உள்ளன. ஆங்கிலேயர்கள் இவ்விடத்தைச் சிறிய இங்கிலாந்து என்று அழைத்தனர். மற்றொன்றில், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசை வரிசையாக நிற்கும் தொழிலாளர் வீடுகள் உள்ளன. இவ்வரிசைகளுக்கு மக்கள் இட்ட பெயர் ‘லைன்’. மூங்கில் தட்டிகளால் அமைந்த குடிசைகளே தொடக்கத்தில் தொழிலாளர்களுக்கு அளிக்கப்பட்டன. தட்டிக் குடிசையிலிருந்து கல் வீட்டுக்கு மாறுவதற்கே பல தலைமுறைகள் காத்திருக்க நேர்ந்தது.

வந்தவர் யாவர்?

இப்பகுதியில் தங்கம் கிடைப்பது பழங்காலந்தொட்டே அறியப்பட்டிருந்தது. நில அளவைக்காக 1802இல் வந்த ஜான் வாரன் என்னும் படை அதிகாரி, சிற்றூர் மக்கள் மண்ணை அலசித் தங்கத்துகள் எடுப்பதைக் கண்டு குறித்துவைத்தார். பெங்களூரில் குடியிருந்த மைக்கேல் லாவெல் என்னும் ஓய்வுபெற்ற போர்வீரர் 1870களில் மைசூர் அரசிடம் சுரங்க உரிமம் பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் நிருவாகப் பொறுப்பை ஏற்றபின் ஆழ்சுரங்கத் தொழில் நிலைபெற்றது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க்கம் ஆகிய நான்கு சுரங்கங்கள் நெடுங்காலம் இயங்கின.

பாறையைக் குடைந்தவர்களுள் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் மிகுந்த எண்ணிக்கையினர் ஆதிதிராவிட மக்கள். சொந்த ஊரில் நிலமின்மையும் பஞ்சமும் தீண்டாமையும் அவர்களை வெளியே தள்ளின. சுரங்கம் அவர்களுக்கு ரொக்கக் கூலி அளித்தது. இக்கூலி ஒப்பந்தக்காரர்களின் கையைக் கடந்தே பல நேரங்களில் வந்துசேர்ந்தது. வேலையோ உயிருக்கு ஊறு விளைவிப்பது. ஆயினும் பண்ணை அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட ஒருவருக்கு மணி கணக்கிட்ட வேலையும் எண்ணிப் பெறும் கூலியும் புதியதொரு தன்மதிப்பை அளித்தன.

தங்கவயல் உழைப்பின் களமாக மட்டும் இருக்கவில்லை. அயோத்திதாசர் தோற்றுவித்த சாக்கிய பௌத்த சங்கத்தின் வலிமைமிக்க கிளை மாரிக்குப்பத்தில் இயங்கியது. அவர் 1914இல் மறைந்தபின், அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் 1920களில் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது. சாம்பியன் ரீஃப்ஸில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை தமிழ் நூல்களை அச்சிட்டது. கன்னட நாட்டின் எல்லைக்குள், பூமிக்கடியில் வேலை செய்த மக்கள் தம் வருவாயில் ஒரு பகுதியைச் செலவிட்டு அச்சகமும் படிப்பகமும் வளர்த்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. தமிழுடன் கன்னடம், தெலுங்கு, உருது ஆகிய மொழிகளும் ஒரே தெருவில் ஒலிப்பது இவ்வூரின் இயல்பு.

உரிமைக்கான போராட்டங்களும் இங்கு நிகழ்ந்தன. தொழிலாளர்களைக் கைரேகையுடன் பதிவு செய்யும் முறையை எதிர்த்து 1930இல் சுரங்கங்கள் அனைத்திலும் வேலை நிறுத்தம் நடைபெற்றது. தொழிற்சங்கப் போராட்டத்தின்போது 1946இல் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் 6 தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

ஆழத்தின் விலை

சுரங்கம் ஆழமாகுந்தோறும் தாதுவின் தரம் குறைந்தது. செலவும் ஆபத்தும் பெருகின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கும் மிகுதி. குளிரூட்டிய காற்றைக் கீழே செலுத்தினாலன்றி அங்கு மனிதர் வேலை செய்ய இயலாது. மேலுள்ள பாறையின் அழுத்தம் தாங்காமல் சுரங்கச் சுவர் திடீரென வெடித்துச் சிதறும் பாறை வெடிப்பு மற்றொரு பேரிடர். தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் 1988இல் இவ்வூரில் அமைக்கப்பட்டதற்கு இந்த அனுபவமே அடிப்படை. டாட்டா ஆதார ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் பிற நாட்டு அறிஞர்களுடன் இணைந்து 1965இல் காற்றுமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்ததும் இச்சுரங்கத்திலேயே ஆகும்.

விபத்தை எல்லோரும் அறிவர். கண்ணுக்குத் தெரியாத இடரைப் பலர் அறியார். துளையிடும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்னும் நோயை உண்டாக்குகிறது. 1940களில் தங்கவயல் தொழிலாளர்களிடையே நடத்தப்பட்ட மருத்துவ ஆய்வில், சோதிக்கப்பட்டோருள் ஐந்தில் இருவருக்கு மேல் இந்நோய் இருந்தமை தெரியவந்தது. இந்நோய்க்கு முழுமையான மருந்து இல்லை. வேலையை விட்டு நீங்கிய பின்னரும் அது வளரும் தன்மையுடையது. எனவே சுரங்கம் மூடப்படும் நாளில் அதன் மருத்துவக் கணக்கு முடிவதில்லை.

பொதுத்துறையும் மூடலும்

சுரங்கங்களை 1956இல் மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்னும் பொதுத்துறை நிறுவனம் உருவாயிற்று. நாட்டின் அந்நியச் செலாவணித் தேவையை முன்னிட்டு, எடுக்கப்பட்ட தங்கம் பல ஆண்டுகள் உலகச் சந்தை விலையில் விற்கப்படாமல், அதனினும் குறைந்த அதிகாரபூர்வ விலையில் அரசுக்கு அளிக்கப்பட்டது. நிறுவனத்தின் கணக்கில் காணப்பட்ட நட்டத்தை மதிப்பிடுவோர் இதனையும் கருத்தில் கொள்ளவேண்டும். தொழிலாளி நாட்டுக்கு அளித்த பங்கின் ஒரு பகுதி எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் இடம்பெறவில்லை.

ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 5 கோடி டன்னுக்கும் மேற்பட்ட தாதுவிலிருந்து சுமார் 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. சராசரியாக ஒரு டன் பாறைக்கு ஏறத்தாழ 16 கிராம் எனக் கணக்கிடலாம். இறுதி ஆண்டுகளில் இந்த அளவு மிகவும் தாழ்ந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் நிறுவனம் மூடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 20,000க்கும் மேற்பட்டோருக்கு வேலை அளித்த சுரங்கங்களில் அந்நாளில் சில ஆயிரம் பேரே எஞ்சியிருந்தனர்.

தாது தீர்ந்த சுரங்கத்தை மூடுவது தவிர்க்கவியலாத ஒன்று. ஆனால் தங்கவயலில் நிறுவனம் என்பது வேலை அளிப்பவர் மட்டுமன்று. வீடு அதனுடையது; குடிநீர் அதனுடையது; மருத்துவமனை அதனுடையது; தெருவைத் துப்புரவு செய்யும் பொறுப்பும் அதனுடையது. ஒரு நிறுவனத்தின் கதவு மூடப்பட்டபோது, ஒரு நகராட்சி ஆற்றவேண்டிய கடமைகளும் கேட்பாரற்று நின்றன.

மக்கள் நீங்கவில்லை

சுரங்கம் மூடினால் ஊர் காலியாகிவிடும் என்பது பொதுவான கருத்து. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பு இதனைப் பொய்யாக்குகிறது. மூடலுக்குப் பத்து ஆண்டுகளுக்குப் பின்னரும் இந்நகரில் 1,60,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். நான்கு தலைமுறைகளுக்கு முன் விட்டு வந்த சிற்றூரில் அவர்களுக்கு நிலமும் இல்லை, உறவும் குறைவு. பிறந்த ஊர் தங்கவயலே.

அவர்களுக்கு வேலை இருக்கும் இடம் பெங்களூர். விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் தொடர்வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் பயணம் செய்கின்றனர். கட்டிட வேலை, காவற்பணி, கடைப்பணி, ஆடைத் தொழிற்சாலை, அலுவலகம் எனப் பலவகைப் பணிகளில் ஈடுபட்டு இரவில் திரும்புகின்றனர். போகவும் வரவும் நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர். இப்பயணத்தில் கழியும் மணிகள் பிள்ளைகளின் படிப்பிலிருந்தும் பெற்றோரின் உறக்கத்திலிருந்தும் கழிக்கப்படுபவை. 1964இல் தொடங்கப்பட்ட பாரத் மண் அகழ் இயந்திர நிறுவனம் இங்கு மண்வாரி இயந்திரங்களைத் தயாரிக்கும் பெருந்தொழிலாக நிலைத்துள்ளது. சுரங்கம் உயிரோடு இருந்த காலத்திலேயே வேறொரு தொழிலை ஊன்றியதன் பயன் இது. அத்தகைய முயற்சிகள் மேலும் சில நடைபெற்றிருப்பின், விடியற்கால வண்டியில் கூட்டம் குறைந்திருக்கும்.

கழிவு மேடுகள் மற்றொரு பொறுப்பு. கோடைக்காற்றில் அவற்றின் நுண்மணல் வீடுகளுக்குள் படிகிறது. மழையில் கரைந்து வயல்களிலும் நீர்நிலைகளிலும் சேர்கிறது. அம்மணலில் எஞ்சியுள்ள தங்கத்தைப் பிரித்தெடுக்கும் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவு அளித்தது. இதனால் வேலைவாய்ப்பு உண்டாகலாம். அதே வேளையில், அரைத்த மணலை மீண்டும் கிளறும்போது தூசியையும் கழிவு நீரையும் கட்டுப்படுத்தும் ஏற்பாடு திட்டத்தின் முதற்செலவாக அமையவேண்டும். இறுதியில் மிஞ்சும் தொகையைக் கொண்டு செய்யப்படும் பணியாக அது அமைதல் கூடாது.

துப்புரவைப் பற்றியும் கூறுதல் தகும். பூமிக்கடியில் 3 கிலோமீட்டர் செல்லும் தொழில்நுட்பம் பெற்றிருந்த ஊரில், தொழிலாளர் குடியிருப்புகளின் உலர் கழிப்பிடங்களை மனிதர் கையால் அள்ளும் கொடுமை நெடுங்காலம் நீடித்தது. அப்பணி செய்த குடும்பமொன்றில் 1966இல் தங்கவயலில் பிறந்த பெசவாடா வில்சன், அதனை ஒழிப்பதற்கு நாடளாவிய இயக்கம் கண்டு 2016இல் மகசேசே விருது பெற்றார். தொழில்நுட்ப முன்னேற்றம் தானாகவே மனித மேம்பாட்டைக் கொண்டுவந்துவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

செம்பு நாடுகளின் அனுபவம்

இந்நிலை தங்கத்திற்கு மட்டும் உரியதன்று. ஜார்க்கண்டின் சிங்பூம் செம்புப் பகுதியில் காட்சீலா, மோசபானி ஆகிய ஊர்கள் செம்பை நம்பி வளர்ந்தன. இந்தியச் செம்புக் கழகம் நடத்திய அச்சுரங்கங்களும் உருக்காலையும் 1972இல் நாட்டுடைமையாகி, 1967இல் தோன்றிய இந்துஸ்தான் காப்பர் நிறுவனத்தைச் சேர்ந்தன. பின்னர் உலகச் சந்தையில் செம்பின் விலை சரிந்த காலங்களில் அங்குள்ள சுரங்கங்கள் பலவும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இராஜஸ்தானின் கேத்ரியில் செம்புச் சுரங்கம் தொடர்ந்தபோதிலும் அதன் உருக்காலை 2008இல் நின்றது. தங்கவயலில் தாது தீர்ந்தது. சிங்பூமில் தாது இருக்கையிலேயே விலை வீழ்ந்தது. தொழிலாளர் குடும்பத்திற்கு இவ்விரண்டும் ஒன்றே.

ஆப்பிரிக்காவின் ஜாம்பியா நாட்டு ஏற்றுமதி வருவாயில் மிகப் பெரும்பகுதி செம்பைச் சார்ந்தது. 1970களின் நடுவில் செம்பின் விலை வீழ்ந்தபோது அந்நாட்டின் வரவு செலவுத் திட்டமே நிலைகுலைந்தது. அங்கும் வீடு, மருத்துவமனை, குடிநீர் ஆகியவற்றைச் சுரங்க நிறுவனமே வழங்கிவந்தது. 1990களின் பிற்பகுதியில் சுரங்கங்கள் தனியாரிடம் விற்கப்பட்டபோது நிறுவன வீடுகள் குடியிருந்தோருக்கே விற்கப்பட்டன. வீடு சொந்தமாயிற்று, ஆனால் வேலையும் பிற வசதிகளும் குறைந்தன. அந்நாட்டிலேயே கப்வே என்னும் நகரில் 1994இல் மூடப்பட்ட ஈயச் சுரங்கத்தின் கழிவு, அதற்குப் பின் பிறந்த குழந்தைகளின் இரத்தத்திலும் ஈயத்தைக் கலந்துவருகிறது.

மாறாக, ஜெர்மனியின் ரூர் பகுதியில் கருங்கல் நிலக்கரிச் சுரங்கத் தொழில் பல பத்தாண்டுகளாகப் படிப்படியாகச் சுருக்கப்பட்டு 2018இல் முடிவுற்றது. இடைப்பட்ட காலத்தில் அங்கு புதிய பல்கலைக்கழகங்கள் தோன்றின. கைவிடப்பட்ட சுரங்கங்களில் ஊறும் நீரை என்றென்றும் இறைக்கவேண்டிய செலவுக்காக 2007இல் ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. அது செல்வ நாடு. அதன் வழியை அப்படியே பின்பற்ற இயலாது. ஆயினும் மூடிய பின்னும் சுரங்கத்திற்குச் செலவு உண்டு, அதனை ஈட்டும் காலத்திலேயே சேர்த்துவைக்கவேண்டும் என்னும் நெறி எந்நாட்டிற்கும் பொருந்தும்.

சட்டமும் அதன் இடைவெளியும்

இந்தியாவில் இந்நெறிக்குச் சட்ட வடிவம் தாமதமாகவே கிடைத்தது. ஒவ்வொரு சுரங்கக் குத்தகைக்கும் மூடல் திட்டமும் அதற்கான நிதி உத்தரவாதமும் வேண்டும் என்னும் விதி 2003இல் வந்தது. தங்கவயல் மூடப்பட்டது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர். 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை உருவாக்கியது. பழைய குத்தகைதாரர்கள் தாம் செலுத்தும் உரிமத் தொகையில் 30 விழுக்காட்டிற்குச் சமமான தொகையையும், ஏலத்தில் குத்தகை பெற்றவர்கள் 10 விழுக்காட்டிற்குச் சமமான தொகையையும் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்காக இதற்குக் கூடுதலாகச் செலுத்தவேண்டும்.

இது பயனுள்ள ஏற்பாடு. ஆனால் இதில் ஓர் இடைவெளி உள்ளது. உரிமத் தொகை எடுக்கப்படும் கனிமத்தைச் சார்ந்தது. சுரங்கம் நின்றால் அதிலிருந்து வரும் வரவும் நிற்கும். மக்களுக்கு உதவி மிகுதியாகத் தேவைப்படும் காலத்தில் நிதியின் ஊற்று வறண்டுவிடும். எனவே வளமான ஆண்டுகளில் வரும் தொகையின் ஒரு பகுதியை, மூடலுக்குப் பிந்திய காலத்திற்கென ஒதுக்கி வைப்பது மாவட்ட நிருவாகத்தின் கடமையாகக் கருதப்படவேண்டும்.

மூடல் திட்டத்தில் நிலத்தைச் சமன்படுத்துவதற்கும் மரம் நடுவதற்கும் விரிவான பக்கங்கள் உண்டு. ஆட்குறைப்பினால் உண்டாகும் பொருளாதார விளைவுகளைப் பற்றியும் எழுதவேண்டும் என்பது விதி. இப்பகுதி பெரும்பாலும் படிவத்தை நிரப்பும் சில வரிகளாகவே முடிந்துவிடும். தங்கவயலைக் கண்டுவரும் அலுவலர், அவ்வரிகளில் எழுதப்படவேண்டியவை எவை என்பதை அறிவார்: குடியிருக்கும் வீட்டின் உரிமை யாருக்கு? குடிநீர்க் குழாயை எந்த நாளில் நகராட்சி ஏற்கும்? நுரையீரல் நோயுற்றவரை எந்த மருத்துவமனை, எத்தனை ஆண்டுகள் கவனிக்கும்? கழிவு மேட்டுக்கு யார் பொறுப்பு? பிள்ளைகளுக்கு எந்தத் தொழிற்பயிற்சி, எந்த மொழியில்?

இன்னும் காலம் இருக்கும் இடம்

கர்நாடகத்திலேயே ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டியில் மாநில அரசு நிறுவனம் தங்கச் சுரங்கத்தை இயக்கிவருகிறது. அங்கும் லைன் வீடுகள் உண்டு. நிறுவனத்தையே நம்பிய குடும்பங்கள் உண்டு. உயர்ந்துவரும் கழிவு மேடு உண்டு. தங்கத்தின் விலை உயர்ந்திருக்கும் காலத்தில் மூடலைப் பற்றிப் பேசுவது அபசகுனமாகத் தோன்றலாம். ஆனால் திட்டமிடுதலுக்கு ஏற்ற காலம் சுரங்கம் வருவாய் ஈட்டும் காலமே. நட்டம் தொடங்கிய பின் எழுதப்படும் திட்டத்திற்குப் பணம் இருக்காது.

மாணவர்களுக்கும் இதில் பணியுண்டு. தங்கவயலின் பழைய தொழிலாளர்கள் முதுமை எய்திவருகின்றனர். எந்த மட்டத்தில் எவ்வளவு வெப்பம், எந்தப் பாறை எப்போது வெடித்தது, எந்த லைனில் எந்த ஆண்டு தண்ணீர் வந்தது என்பன அவர்களின் நினைவில் உள்ளன. அவற்றைப் பதிவு செய்வது வரலாற்றுத் துறைக்கும் பொறியியல் துறைக்கும் ஒருங்கே பயன்தரும். அருகிலுள்ள மற்றொரு சுரங்க நகரின் மூடல் திட்டத்தை எழுதப்போகும் அலுவலருக்கு அந்தப் பதிவைவிடச் சிறந்த கையேடு கிடைப்பது அரிது.

காவிரியின் மின்சாரத்தை முதலில் பெற்ற ஊர் தங்கவயல். அதனைத் தொடர்ந்தே மைசூரும் பெங்களூரும் ஒளி பெற்றன. அவ்வூர் மக்கள் சலுகை எதனையும் கேட்கவில்லை. வீட்டுக்கு உரிமை, குடிக்க நீர், மூச்சுவிடத் தூய காற்று, ஊருக்கு அருகிலேயே ஒரு வேலை ஆகியனவே அவர்களின் தேவை. 800 டன் தங்கத்தை நாட்டுக்கு எடுத்துக் கொடுத்தவர்களுக்கு இவற்றை வழங்குவது பெருஞ்செலவு எனக் கூறுதல் பொருந்தாது.